பால்காரம்மாவும் டேப்பர் பேரிங்கும்

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்புக்குப் பால் கொண்டுவருகிறவர் நஜஃப்கர் தாண்டி ஒரு கிராமத்துப் பெண்மணி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு காலை ஆறரைக்கெல்லாம் கேட்டில் ஹாரன் அடிப்பார். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. என் கணவர் மட்டும் வீட்டுக்குள் பேசும்போது பால்காரம்மா என்பார். நாங்கள் இரண்டு பேரும் கோயமுத்தூர்ப் பக்கம். அவருக்கு விமான நிலையத்தில் வேலை. நான் பதினைந்து வருடமாக வீட்டோடு இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த வாரத்தில், தீதி பால் ஊற்றும்போது முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன். கோதுமை விதைக்க நிலம் ஓட்டிக்கொண்டிருந்தபோது ரோட்டவேட்டர் நின்றுவிட்டதாம். டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிற கருவி அது. டிராக்டரிலிருந்து சுற்றிக்கொண்டு வரும் தண்டின் வேகத்தை வாங்கிக் குறுக்கே திருப்பிக் கத்திகளுக்கு அனுப்ப, அதன் நடுவில் ஒரு கியர் பாக்ஸ் உண்டு. அதற்குள் பேரிங் உடைந்துபோயிருந்தது. ஊரில் மெஷின் பழுது பார்க்கும் மிஸ்திரி உடைந்ததைக் கழற்றிக் கையில் கொடுத்து, இதே மாதிரி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். ஆனால் கழற்றும்போது உளி பட்டு, எண் பொறித்திருந்த முகம் சிதைந்துவிட்டது. எண் தெரியாமல் எந்தக் கடையில் போய் என்ன கேட்பது என்பதுதான் தீதியின் கவலை.

ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிய துணிப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். கறுப்பு எண்ணெய் வழியும், இரண்டு வளையங்களுக்கு நடுவில் இரும்புக் குண்டுகள் ஓடும் ஒரு பால் பேரிங். கையில் வாங்கியதும் எனக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன் நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். வந்து இறங்கும் பேரிங்குகளை அளந்து, சுழற்றி, காதருகே வைத்துக் கேட்டு, நல்லதை உள்ளே விட்டு மற்றதைத் திருப்பி அனுப்புவது என் வேலை. டெல்லிக்கு வந்தபோது பாத்திர பண்டங்களோடு நான் சொந்தமாக வாங்கியிருந்த, நுணுக்கமாக அளவெடுக்கும் வெர்னியரும் வந்தது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. தீதியைக் கேட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி அதை எடுத்துவந்தேன்.

உள் துளை நாற்பது மில்லிமீட்டர். வெளிவட்டம் எண்பது. அகலம் பதினெட்டு. பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துளை வந்துவிடும்; எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது. 6208 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லையே என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. தீதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கேட்டில் இருந்த காவலாளியும் எழுந்துவந்து பார்த்தார். அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டேதான் சமைத்தேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "பால்காரம்மாவுக்குப் பால் பேரிங்கா? பொருத்தமாத்தான் இருக்குது அம்மிணி" என்று சிரித்தார்.

பதினோரு நாள் கழித்துத் தீதி மறுபடியும் அந்தத் துணிப்பையோடு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லோருக்கும் பால் ஊற்றி முடித்த பிறகு, பையிலிருந்து பேரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வாங்கிய மெருகு இன்னும் போகவில்லை. ஆனால் கூண்டு நொறுங்கி, இரண்டு குண்டுகளைக் காணோம்.

அவர் பேசுவது ஹரியான்வி கலந்த இந்தி. எனக்கு அது நினைவில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, தங்கச்சி என்கிற பெஹனைத் தவிர.

"பெஹன், நீ எழுதிக் குடுத்த நம்பர்தான் வாங்கினோம். நல்ல கடையிலதான் வாங்கினோம். நம்பர் தப்பா, மெஷின் தப்பா, அதை மட்டும் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதை ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், நான் இட்லியை மறந்துவிட்டதைப் பார்த்து, "அம்மா, தீதிகிட்ட சாரி சொல்லிடுங்க, அவ்ளோதான். ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்றாள். அவளுக்கு எல்லாமே அவ்வளவுதான். எனக்கோ, விதைக்கிற சமயத்தில் ஒரு குடும்பத்தின் வேலையை நிறுத்திவைத்தது என் கையெழுத்து என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். குண்டுகள் ஓடிய தடம், வளையத்தின் பள்ளத்தில் நடுவாக இல்லை. ஒரு ஓரமாக ஏறி, விளிம்பைத் தேய்த்திருந்தது. முதலில் உடைந்ததிலும் அப்படித்தான் இருந்தது என்று ஞாபகம் வந்தது. பெருமையில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க என் பிழை எங்கே என்று புரிந்தது. பம்ப் கம்பெனியில் எந்த இடத்துக்கு எந்த பேரிங் என்று வேறு யாரோ முடிவு செய்து வரைபடம் கொடுத்துவிடுவார்கள். வந்த சரக்கு அதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. இங்கே எனக்கு யாரும் வரைபடம் தரவில்லை. கையில் இருப்பது என்ன என்று அளந்தேனே தவிர, அந்த இடத்தில் இருக்கவேண்டியது அதுதானா என்று நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் பைக்கில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். காற்றில் புகை மூட்டம், தொண்டை கரகரத்தது. சாலையோரம் தகரக் கூரை போட்ட பட்டறை. மிஸ்திரி நீல ஸ்வெட்டர் போட்ட, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். தீதியும் அவர் கணவரும் ஏற்கெனவே வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கியர் பாக்ஸ் இரண்டு மரக்கட்டைகளின் மேல் திறந்து கிடந்தது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தேன். டிராக்டர் பக்கமிருந்து வரும் தண்டுக்கு இரண்டு இடத்தில் பேரிங். ஒன்றுதான் உடைந்தது. மற்றதைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். அது பால் பேரிங்கே இல்லை, டேப்பர் பேரிங். குண்டுகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன உருளைகள், சரிவாகச் சாய்ந்து நிற்கும். டேப்பர் பேரிங்கை இப்படித் தனியாகப் போடுவது வழக்கமில்லை. இரண்டை ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால்தான் தண்டு முன்னும் பின்னும் நகராமல் இரண்டு பக்கமும் தாங்கும். அப்படியானால் இதன் ஜோடி எங்கே?

உடைந்த பேரிங் உட்கார்ந்திருந்த குழிக்குள் விரலை விட்டேன். அடியில் ஏதோ நெருடியது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால், இரும்புத் தகட்டில் வெட்டிய ஒரு வளையம். கையால் அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தார்கள். அழகான வேலை. வெர்னியரில் பிடித்தேன். ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்.

இது யார் வைத்தது என்று கேட்டேன். மிஸ்திரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர்தான். முன்னொரு விதைப்புச் சமயத்தில் இதே மெஷின் வந்திருக்கிறது. வேண்டிய டேப்பர் பேரிங் இந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. உள் துளையும் வெளிவட்டமும் ஒன்றாகவே இருக்கிற பால் பேரிங் கிடைத்திருக்கிறது. அகலம் மட்டும் குறைச்சல். இடைவெளியை நிரப்ப வளையம் வெட்டிப் போட்டு, இந்த ஒரு போகம் ஓடட்டும், அப்புறம் சரியானதை மாற்றிக்கொள்ளலாம் என்று மூடியிருக்கிறார். மூடியவர் மறந்தும் போனார்.

"ரெண்டு வருஷம் ஓடியிருக்கு மேடம்ஜி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

தீதிக்குக் கோபம் வந்தது. வேகமாக இரண்டு வார்த்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை, மிஸ்திரிக்கு நன்றாகப் புரிந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திக் காதைப் பிடித்துக்கொண்டார். தீதியின் கணவர் முதல்முறையாக வாயைத் திறந்து, இரண்டு வருடம் ஓடியது இப்போது மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. முன்பெல்லாம் சொந்த நிலத்தை மட்டும் ஓட்டினார்களாம். இந்த வருடம் பக்கத்து நிலங்களுக்கும் வாடகைக்குப் போயிருக்கிறது மெஷின், அதுவும் காய்ந்து இறுகிக் கிடந்த மண்ணில். போதாததற்கு முதல் பேரிங் உடைந்தபோது கியர் பாக்ஸைக் கழுவவே இல்லை. அடியில் இருந்த எண்ணெயில் கையை விட்டு எடுத்துக் காட்டினேன். விரல்களில் ஜிகினா ஒட்டியதுபோல இரும்புத் தூள் மினுங்கியது.

தீதிக்கு இன்னமும் ஒரு சந்தேகம். குண்டாக இருந்தால் என்ன, உருளையாக இருந்தால் என்ன, சுற்றினால் போதாதா? அவருடைய உள்ளங்கையைத் தண்டின் முனையில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னேன். மிஸ்திரி பெரிய கியரைப் பிடித்து நிறுத்தினார். என் கணவர் தண்டை மெதுவாகத் திருகினார். பல்லும் பல்லும் சாய்வாக மோதிக்கொள்கிற கியர் அது. திருகத் திருகத் தண்டு சுற்றுவதோடு நிற்காமல் நீளவாக்கிலும் தள்ளும். தீதியின் கை பின்னால் நகர்ந்தது.

"அரே, தள்ளுதே" என்றார்.

அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் சரிந்த உருளைகள். பால் பேரிங் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். இப்படிப் பக்கவாட்டில் விடாமல் இடித்தால் குண்டுகள் ஓரத்தில் ஏறி உடைந்துபோகும். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தீதியே தன் கணவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை பால் ஊற்றி முடித்த கையோடு தீதி ஸ்கூட்டரை எங்கள் கேட்டில் நிறுத்தினார். இரண்டு பேரும் மெட்ரோ ஏறினோம். ராஜீவ் சௌக்கில் மாறிக் காஷ்மீரி கேட். வண்டி உதிரிபாகக் கடைகள் நெருக்கியடித்த சந்து. தள்ளுவண்டிகளுக்கும் அச்சாணி சுமந்துபோகிறவர்களுக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். தீதி என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் நான் தொலைந்துபோய்விடுவேன் என்று நினைத்தாரோ, தான் தொலைந்துவிடுவோம் என்று நினைத்தாரோ, கேட்கவில்லை.

பேரிங் மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடையில் ஏறினோம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்றானதும் என்ன வேண்டும் என்றார். முந்தின இரவு அளவுகளை வைத்து அட்டவணையில் தேடி எடுத்திருந்த டேப்பர் எண்ணைச் சொன்னேன்: 30208, இரண்டு, ரோட்டவேட்டருக்கு. ஒரு பெட்டியை எடுத்து நகர்த்தினார். பிரித்தேன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் எண்ணின் மேல் கட்டை விரலை அழுத்தித் தேய்த்தபோது மை இழுபட்டது. உலோகத்தில் பொறித்திருந்தால் அழியாது. இது வெறும் அச்சு. விரலைக் காட்டினேன்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அது மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கேட்பவர்களுக்காக வைத்திருப்பது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் வேறு இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், இதே நாற்பது, இதே எண்பதுல இன்னொண்ணு இருக்கு. அதுக்கு அகலம் ஜாஸ்தி. பழைய டேப்பரே உங்ககிட்ட இல்ல. இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்டதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தீதியிடம் பையைக் கேட்டேன். உடைந்த பால் பேரிங்கின் வெளி வளையத்தை மேஜைமேல் வைத்தேன். அகலம் பதினெட்டு. அதன்மேல் மிஸ்திரி வெட்டிய வளையத்தை வைத்தேன். ஒன்றே முக்கால். இரண்டும் சேர்ந்தால் பத்தொன்பதே முக்கால். கடைக்காரர் தன்னுடைய வெர்னியரை எடுத்து அடுக்கை அளந்தார். பிறகு பெட்டியிலிருந்த புது டேப்பர் பேரிங்கை முழுதாகப் பொருத்தி அளந்தார். இரண்டு தடவை. பத்தொன்பதே முக்கால். வளையம் வெட்டிய மனிதர், எந்த பேரிங்கை எடுத்தாரோ அதன் அளவைத் தன் அரத்தால் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

கடைக்காரர் வெர்னியரைக் கீழே வைத்தார். "பைட்டியே" என்று இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு, எதிர்க்கடையைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். தேநீர் வந்தது. அந்தக் கடையில் அன்று முழுக்க எத்தனை பேர் உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார்களோ தெரியாது, தீதி மட்டும் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எருமைப் பால் சேர்த்த தேநீர்தானா என்று குடித்துப் பார்த்து, இல்லை, பவுடர் என்று தீர்ப்பும் சொன்னார்.

இரண்டு எதற்கு என்று திரும்பும்போது தீதி மெட்ரோவில் கேட்டார். ஒன்றுதானே உடைந்தது, மற்றது நன்றாகத்தானே இருக்கிறது? பட்டறையில் அதன் பதிலை அவர் கையாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நாங்கள் போய்ச் சேரும்போது, லீவு போட்டிருந்த என் கணவரும் பட்டறைக்கு வந்திருந்தார். தீதியைப் பழைய டேப்பரின் வெளி வளையத்துக்குள் நகத்தை மெதுவாக ஓட்டச் சொன்னேன். இரண்டு இடத்தில் நகம் தடுக்கியது. உடைந்த பேரிங்கின் துணுக்குகள் எண்ணெயோடு வந்து இதற்குள்ளும் சிக்கிப் பள்ளம் போட்டிருந்தன. தீதியே பழையதை எடுத்து ஓரமாக வைத்தார்.

பேரிங்கைத் தண்டில் ஏற்றும் வேலையில்தான் மிஸ்திரியோடு எனக்கு வாக்குவாதம். அவர் சுத்தியலை எடுத்தார். நான் கூடாது என்றேன். எண்ணெயில் சுடவைத்தால் துளை கொஞ்சம் விரிந்து, தானாக வழுக்கிக்கொண்டு உட்காரும். பாத்திரம் வேண்டுமே என்று பார்த்தபோது தீதி தன் வீட்டிலிருந்து ஓர் ஓட்டை விழாத பழைய கடாயைக் கொடுத்தனுப்பச் சொன்னார். செங்கல் அடுப்பில் கடாய், அதில் கியர் ஆயில், அதற்குள் பேரிங்குகளின் உள் பாகம் இரண்டும் ஜாங்கிரி போல, ஆனால் மிதக்காமல் கிடந்தன. கடாயின் அடியில் படாமல் கம்பியில் கோத்துத் தொங்கவிடச் சொன்னேன். வெளியே எடுத்து ஈர விரலால் தொட்டுப் பார்க்கச் சுர்ரென்றது. மிஸ்திரி இடுக்கியால் பிடித்துத் தண்டில் விட்டார். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. அவர் சுத்தியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழையபடி சிரித்தார்.

அதற்கு முன்பே டீசலை ஊற்றி ஊற்றி, துணியில் மினுக்கம் ஒட்டாத வரைக்கும் பெட்டியைக் கழுவியிருந்தோம். கடைசியாக மூடியை முடுக்கும் வேலை. மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் பேரிங்குகளின் பிடிப்பைச் சரிசெய்ய வேண்டும். இறுக்கிவிட்டால் சூடாகி எரிந்துபோகும். தளர்ந்தால் தண்டு ஆடும். முதலில் தண்டு லொடலொடவென்று ஆடியது. இரண்டு தகடுகளை எடுத்தோம். இப்போது கையால் திருகவே முடியவில்லை. ஒன்றைத் திரும்ப வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். லேசான பிடிப்பு, ஒரே சீராக, எங்கேயும் தடுக்காமல். என் கை அதை மறந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நான்கு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சா, நன்றாக இருக்கிறது என்றேன்.

வெயில் தாழ்வதற்குள் தீதியின் நிலத்தில் மெஷினை இறக்கினார்கள். தீதியின் கணவர் டிராக்டரில் ஏறினார். கத்திகள் மண்ணைத் தொட்டன. ஒரு சால் போய்த் திரும்பினார். சத்தம் ஒரே மாதிரி வந்தது. இரண்டாவது சால், மூன்றாவது சால். ஐந்தாவதில் நிறுத்தச் சொல்லி ஓடிப்போய்ப் பேரிங் இருந்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். காலடியில் மண் மாவு மாதிரி கிடந்தது. செருப்பு புதைந்து, ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. என் கணவர் அதைத் தேடி எடுத்து உதறிக் கொடுத்தார்.

"ஏனுங்க, இந்த ஊர்ல எனக்கு வேலை கிடைக்குமுங்களா?" என்றேன், விளையாட்டாகத்தான்.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேட்டுப் பாக்கலாமே அம்மிணி. கேட்டா என்ன?" என்றார்.

கேட்கவேண்டிய தேவை வரவில்லை. அந்த வாரமே மிஸ்திரி ஃபோனில் ஒரு பேரிங்கின் படத்தை அனுப்பி, இது என்ன என்று கேட்டார். அது உட்காருகிற இடத்தின் படத்தையும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மறுவாரம் நான்கு படம். கோதுமை பச்சைகட்டி நின்றபோது, வாரத்தில் இரண்டு நாள் நேரிலேயே வந்துவிடுங்கள், சம்பளம் பேசிக்கொள்ளலாம் என்றார். தீதிதான் தூது வந்தார். பாலை ஊற்றிக்கொண்டே, கறாராகப் பேசு, அவன் சிரித்துச் சிரித்தே குறைத்துவிடுவான் என்று எச்சரித்தும் போனார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் பட்டறைக்குப் போகிறேன். ரோட்டவேட்டர், வைக்கோல் வெட்டும் மெஷின், அறுவடை சமயத்தில் பெரிய கம்பைன் என்று வருகின்றன. ஒருமுறை நான் சொன்ன நம்பர் மறுபடியும் தப்பாகப் போயிருக்கிறது, அது வேறு கதை. இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்து மாற்றிவிட்டோம். போன வெள்ளிக்கிழமை ஒரு விவசாயி கியர் பாக்ஸோடு வந்து இறங்கி, எண் தெளிவாகத் தெரிகிற பேரிங்கை நீட்டினார். இதே மாதிரி ஒன்று கொடுங்கள், அவசரம் என்றார். நான் எழுந்து வருவதற்குள் மிஸ்திரி முந்திக்கொண்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, கியர் பாக்ஸின் குழிக்குள் குனிந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.